பன்னிரண்டாம் நம்பர் பனியன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் என்னைத் துரத்த ஆரம்பித்தபோது, "கவிதையா, கட்டுரையா?" என்று கேட்டேன். "கவிதை ஏற்கெனவே ஏகப்பட்டது வந்திருக்கு மச்சான். எல்லாத்துலயும் நிலா இருக்கு. நீ வேற எதையாவது எழுது" என்றான். நிலாவை விட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நம் கல்லூரிக் கபடி அணி!

'நீ என்ன பெரிய ஆட்டக்காரனா?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. முதலாண்டில் ஒரே ஒரு நாள் களத்தில் இறங்கினேன். 'கபடி கபடி' என்று நாலு தடவை சொல்லி முடிப்பதற்குள் நான் மண்ணுக்கு அடியில், எனக்கு மேலே ஐந்து பேர். எழுந்து தூசி தட்டிக்கொண்டபோது பி.டி. சார் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, உனக்குக் கையெழுத்து நல்லா இருக்காமே? ஸ்கோர் எழுது." அன்று பிடித்த இருநூறு பக்க நோட்டை மூன்று வருஷமாக விடவில்லை. தண்ணி கேனைத் தூக்குவதும், விசில் அடிப்பதும், தோற்றால் முதலில் அழுவதும் கூடுதல் பொறுப்புகள். ஆகவே இது ஆட்டக்காரனின் கட்டுரை அல்ல. ஒரு ரசிகனின் கட்டுரை. கொஞ்சம் பாவ மன்னிப்பும் கலந்தது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் திமிரிக்காரன். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நீங்கள் தூங்கிப்போகிற ஊர். 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கையோடு எங்கள் திமிரிக் கோட்டைப் பக்கமும் படையோடு வந்தான் என்று சரித்திரத்தில் ஒரு வரி உண்டு. அதோடு சரி, சரித்திரம் எங்களை மறந்துவிட்டது. ஆனால் பொங்கல் வந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டியூப் லைட் கட்டி, மைக் செட் போட்டு, விடிய விடியக் கபடி நடக்கும். அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்த முதல் 'சினிமா' அதுதான். பெரியவர்கள் அதைச் சடுகுடு என்பார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டதும், 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் நம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடியதும், மறு வருஷமே அர்ஜுனா விருது வாங்கியதும் எங்கள் ஊர் டீக்கடையில் நேற்று நடந்த மாதிரி பேசப்படும். பஸ் வசதியில்லாத ஊர்ப் பையனும் கால் வலு இருந்தால் ஜப்பான் போகலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் எனக்கு வந்தது. எனக்குக் கால் வலு இல்லை என்பது பிறகு தெரிந்தது!

சரி, அணிக்கு வருவோம். பெயர் போட்டால் ஆளாளுக்கு ட்ரீட் கேட்பான்கள், போடாதவன் அடிப்பான். அதனால் பனியன் நம்பர் மட்டும்.

ஒன்றாம் நம்பர் இடது கார்னர். எலக்ட்ரிக்கல். கணுக்காலைப் பிடித்தால் வெல்டிங் வைத்த மாதிரி. நாலாம் நம்பர் வலது கார்னர். நம் மெக்கானிக்கல். ஆள் ஒல்லி, ஆனால் நேரம் பார்த்துப் பாய்வதில் கெட்டி. மூன்றும் ஐந்தும் கவர். இரண்டு பேரும் ஒரே ரூம், ஒரே சோப்பு, ஒரே அரியர். ஒருவன் இடுப்பைப் பிடித்தால் மற்றவன் தொடையைப் பிடிப்பான்; வாயால் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டாம் நம்பர் ஆட்டத்தின் பாதிவரை தூங்குவான், பிறகு புலி. ஒன்பதாம் நம்பர் இரண்டாவது ரைடர். ஓட்டம் ஜாஸ்தி, பொறுமை குறைச்சல்.

அப்புறம் ஏழாம் நம்பர்!

கபடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர், மொத்தம் பன்னிரண்டு. இருபது நிமிஷம் ஒரு பாதி, நடுவில் ஐந்து நிமிஷம் ஓய்வு, மறுபடி இருபது. பாடிப் போகிறவனுக்கு ஒரு தடவைக்கு முப்பது விநாடிதான். அந்த முப்பது விநாடியும் ஒருத்தன் ஏழு பேருக்கு எதிரில் தனியாக நிற்கிறான். யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது என்று அவனுக்குச் சொல்ல யாரும் கிடையாது. அதனால்தான் எந்த அணியிலும் ஜனங்கள் ரைடரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஏழாம் நம்பர் அப்படிப்பட்டவன். அவனுடைய போனஸ் கால் நம் மண்டலத்திலேயே பிரசித்தம். ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, மற்ற காலைக் காற்றில் தூக்கி, கார்னர்காரன் கை நீட்டுவதற்குள் திரும்பி வந்து சிரித்துக்கொண்டு நிற்பான். அவன் அப்பா டேனரியில் வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

இப்போது பன்னிரண்டாம் நம்பர்.

இரண்டாம் ஆண்டு. பெஞ்சில் உட்காருகிற ஐவரில் கடைசி ஆள். லீவு நாளில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவான். வந்தால் சட்டையில் பசை வாசனை அடிக்கும். பேச மாட்டான். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டுப் போவார்கள். அவனும் ஏழு சட்டையைச் சுமந்துகொண்டு நிற்பான். ஒருநாள் நான் பார்த்துவிட்டு, "டேய், இவன் பிளேயர் இல்லடா, ஹேங்கர்!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கேன்டீனில் அந்தப் பெயர். ஒரே வாரத்தில் காலேஜ் பூராவும் அந்தப் பெயர். அட, நம் நகைச்சுவைக்கு என்ன வரவேற்பு என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்த ஆண்டு மண்டலப் போட்டியில் கால் இறுதி வரைக்கும் சிரமமில்லாமல் வந்தோம். கால் இறுதியின் இரண்டாம் பாதி. நாங்கள் 22, அவர்கள் 21. ஏழாம் நம்பர் பாடிப் போனான். இடது கார்னரைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கணுக்கால் மாட்டிக்கொண்டது. இழுத்தான். மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து அவன் கை மட்டும் நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. நடுவர் எங்களுக்கு மூன்று பாயிண்டு கொடுத்தார். நாங்கள் குதித்துக் கூத்தாடினோம். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

முட்டி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ ஒருவர் "சுளுக்குதான், நான் எடுத்து வுடறேன்" என்று காலைப் பிடிக்க வந்தார். பி.டி. சார் போட்ட சத்தத்தில் அவர் ஓடியே போய்விட்டார். (நண்பர்களே, இதை மறக்காதீர்கள். அடிபட்ட முட்டியை இழுக்காதீர்கள், உருவாதீர்கள். அசையாமல் வைத்து, ஐஸ் வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.) ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் முகத்தை மூடிக்கொண்டான். அழுகையை மறைக்கத்தான்.

சார் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இருந்த ரைடர் ஒருவன்தான். "பன்னெண்டு, எறங்கு!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். "சார், அவன் வேணாம் சார்! ஒன்பதையே பாடச் சொல்லுங்க. ஹேங்கரு எறங்கினா அவ்ளோதான்!" மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன். அவன் தோளிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் மடித்து வைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. காது கேட்காமலா இருக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவன். 2022இல் நான் பத்தாம் வகுப்பு. புரோ கபடி ஏலத்தில் நம் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தது. அதுவரை யாருக்கும் தராத தொகை. எங்கள் தெருவே கோப்பை கைக்கு வந்த மாதிரி கொண்டாடியது. அக்டோபரில் குஜராத்துடன் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே பவனுக்கு முட்டியில் அடி. சீசன் முழுக்க வெளியே. 'முடிஞ்சு போச்சு, டி.வி.யை அணை' என்றேன். அப்போது பாடிப் போனவன் நரேந்தர் என்ற புதுப் பையன். அதற்கு முன்னால் நம்மில் யாருக்கு அவன் பெயர் தெரியும்? அந்த ஒரே சீசனில் ரைடில் மட்டும் 243 பாயிண்டு எடுத்தான். அதுவரை ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்க்காத தலைவாஸ், உ.பி. அணியை டை-பிரேக்கரில் தாண்டி அரை இறுதிக்கே போனது. அங்கே புனேயிடம் 37-39 என்று இரண்டே பாயிண்டில் தோற்றது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நரேந்தரைப் பற்றி ஊரெல்லாம் பேசினேன். ஆனால் அதே மாதிரி ஒருவன் மூன்றடி தூரத்தில் சட்டை சுமந்துகொண்டு நின்றபோது எனக்குத் தெரியவில்லை. டி.வி.யில் வந்தால்தான் நமக்கு மரியாதை வருமோ என்னவோ!

பன்னிரண்டு இறங்கினான். முதல் தடவை பாடிப்போய் வெறும் கையோடு வந்தான். "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன் பக்கத்திலிருந்தவனிடம். அடுத்து ஒன்பது போனான். அவனும் வெறும் கை. மூன்றாவது ரைடு. அதில் பாயிண்டு எடுக்காவிட்டால் பாடினவன் அவுட். செத்தான் இல்லை பிழைத்தான்! எதிரில் ஏழு பேரும் முழுசாக நிற்கிறார்கள். பன்னிரண்டு போனான். இருபது விநாடி சும்மா ஆட்டம் காட்டினான். பிறகு ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தான், மற்ற கால் காற்றில். அதே கால், அதே சிரிப்பு இல்லாத முகம். நடுவர் கட்டை விரலைத் தூக்கினார்.

என் பேனா நின்றுவிட்டது. "ஏழாம் நம்பரைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சிருக்கான்டா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஆட்டம் முடிந்தபோது 29-27. ஜெயித்தோம்.

சாயங்காலம் வேலூரில் ஆஸ்பத்திரி. முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும், பல மாதம் ஓட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழாம் நம்பரின் அப்பா வராந்தாவில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் ஆட்டக் கதையைச் சொன்னேன். "உன் போனஸ் காலை அப்படியே காப்பி அடிச்சான் மச்சான்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டேய், அது என் காலு இல்லடா. அவன் காலு. நான்தான் அவன்கிட்ட கத்துக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு இவர்கள் இரண்டு பேரும் மைதானத்தில் இருந்திருக்கிறார்கள். எதிராளி வேண்டுமே என்று பன்னிரண்டாம் நம்பர் சில நாள் கார்னராகவும் சில நாள் கவராகவும் நின்று அடி வாங்கியிருக்கிறான். அடுத்த அணி எப்படிப் பிடிக்கும் என்று பார்த்துவைத்து அதே மாதிரி பிடித்துக் காட்டியிருக்கிறான். என் நோட்டில் ரைடு பாயிண்டுக்குக் கட்டம் உண்டு, டேக்கிளுக்கு உண்டு, போனஸுக்கு உண்டு. காலை ஐந்து மணிக்குக் கட்டம் இல்லை!

ஏழாம் நம்பர் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி பந்து, கையில் பிடித்து ஓடுவது. அங்கே காலேஜ் அணிகளுக்கே ஸ்டேடியம் நிரம்பும். குவார்ட்டர்பேக் என்று ஒருவன். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவு செய்வான். நம் மெயின் ரைடர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் அலபாமா அணி தேசிய இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் 0-13 என்று பின்தங்கியது. ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை உட்கார வைத்துவிட்டு டுவா என்ற முதலாண்டுப் பையனை இறக்கினார்கள். அவன் ஜார்ஜியாவை 26-23 என்று ஜெயித்துக் கொடுத்தான். ஹர்ட்ஸின் இடம் போனது போனதுதான். வேறொருவனாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பான். ஹர்ட்ஸ் அந்த வருஷம் பெஞ்சில் இருந்தான். அதே ஆண்டு டிசம்பரில் அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. இப்போது டுவாவுக்குக் காலில் அடி. ஹர்ட்ஸ் எழுந்து வந்தான். 35-28 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற பெரிய இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகனும் அவன்தான்.

"அந்த ரெண்டு பேர்ல நான் யாரு, அவன் யாருன்னு தெரியல மச்சான். மாறி மாறி வரும் போல கீது" என்றான் ஏழு. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அரை இறுதி. நீட்டி முழக்கவில்லை. தோற்றோம். இரண்டே பாயிண்டு. கடைசி ரைடு பன்னிரண்டாம் நம்பர் போனான். ஒரு போனஸும் ஒரு டச்சும் வேண்டும். போனஸ் கிடைத்தது. திரும்பும்போது பிடித்துவிட்டார்கள். ஒரு பாயிண்டு அவர்களுக்கும் போனது. பஸ்ஸில் யாரும் பாடவில்லை. அவனை யாரும் குறை சொல்லவும் இல்லை.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடித் தேடி, ஆற்காடு பாலம் வந்துவிட்டது. கடைசியில், "டேய், அன்னிக்கு ஒன்பதைப் பாடச் சொன்னேன் பாரு, அது தப்புடா" என்றேன்.

"பரவால்லண்ணா. மேட்ச்ல டென்ஷன். யாரா இருந்தாலும் சொல்வாங்க" என்றான்.

"ஹேங்கர்னு கூப்பிட்டதும்..."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். "காலேஜ்ல கூப்பிட்டா இன்னாண்ணா, நானும் சிரிச்சுக்கினேன். பொங்கலுக்கு எங்க ஊட்டாண்ட வந்தீங்களே, வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. 'ஹேங்கர்னா இன்னாடா'ன்னு எங்கம்மா கேட்டாங்க. துணி மாட்டுற கம்பிம்மான்னு சொன்னேன். அவங்க சிரிக்கலண்ணா."

நண்பர்களே, ஃபிட்டிங் ஷாப்பில் தப்பாக அறுத்த இரும்பை ஃபைல் போட்டுச் சரிசெய்யலாம். அதிகம் தேய்ந்துபோனதை? இன்ஸ்ட்ரக்டர் வேறு துண்டுதான் கொடுப்பார். வாயிலிருந்து போன வார்த்தைக்கு வேறு துண்டு கிடையாது என்று அன்று அந்தப் பஸ்ஸில் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷ டிப்ளமாவில் சிலபஸில் இல்லாத பாடம்.

அடுத்த ஞாயிறு நான் தனியாக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் அம்மாதான் வெளியே வந்தார்கள். "உள்ள வாப்பா, டீ சாப்பிடு" என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த டீ இன்னும் தொண்டையில் இருக்கிறது.

இனி அடுத்த ஆண்டு அணியைப் பார்ப்போம். ஜூனியர்களே, கவனியுங்கள்! ஏழும் நாலும் ஒன்றும் படிப்பை முடித்துப் போகிறார்கள். (அரியர் எங்களைப் பிடித்து நிறுத்தாமல் இருந்தால் நானும்தான்.) கவர் ஜோடி இருக்கிறது. இரண்டாம் நம்பர் இருக்கிறான். யாராவது முதல் பாதியிலேயே எழுப்பிவிடுங்கள். கார்னர் இரண்டும் காலி. முதலாண்டு சிவில் பையன் ஒருவன் நன்றாகக் கணுக்கால் பிடிக்கிறான், அவசரம் மட்டும் குறைய வேண்டும். பாடுவதற்கு மூன்று பேர். ஒன்பதாம் நம்பருக்கு வேகம் உண்டு. முதலாண்டு எலக்ட்ரானிக்ஸில் ஒரு இடக்கைக்காரன் இருக்கிறான். எந்தப் பக்கம் பாய்வான் என்று அவனுக்கே தெரியாது, எதிரிக்கு எப்படித் தெரியும்? ஆனால் முதல் ரைடு பன்னிரண்டுக்குத்தான் என்பது என் கட்சி. ஏழாம் நம்பர் பனியனை எடுத்துக்கொள் என்று சார் சொன்னாராம். "வேணாம் சார், பன்னெண்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டானாம்.

மெஷின் ஷாப்பில் ஸ்பேர் பேரிங்கைச் சும்மா அலமாரியில் எறிந்து வைப்பதில்லை. கிரீஸ் தடவி, காகிதம் சுற்றி, பெயர் எழுதி வைப்பார்கள். ஓடுகிற பேரிங் என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது. பெஞ்சில் இருக்கிறவனுக்கு நம் விசிலும் அவன் சொந்தப் பெயரும்தான் கிரீஸ். ஆகவே ஒரே வேண்டுகோள். அடுத்த வருஷம் மேட்ச் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் பன்னிரண்டு பேரின் பெயரையும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஏழு பேரோடு நிறுத்தாதீர்கள்.

ஏழாம் நம்பருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோலை விட்டுவிட்டு நடக்கிறான். எப்போது ஓடுவாய், எப்போது ஆடுவாய் என்று அவனை நச்சரிக்காதீர்கள். 2022இல் முதல் ஆட்டத்திலேயே விழுந்த அதே பவன் செராவத்தான், 2023 அக்டோபரில் ஹாங்சோவில் இந்திய அணிக்குக் கேப்டனாக நின்று ஈரானை ஜெயித்து ஆசியத் தங்கத்தை வாங்கினான். நான் அதை அவனுக்குச் சொன்னபோது, "தெரியும்டா, தினமும் பாக்கறேன்" என்றான். இப்போதும் காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வருகிறான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டின் காலைப் பார்த்துக் கத்துகிறான். எல்லோருடைய சட்டையும் இப்போது அவன் மடியில்!

என் இருநூறு பக்க நோட்டை ஒரு முதலாண்டுத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். கொடுக்கும் முன் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டேன். தலைப்பு: 'காலை 5 மணி - வந்தவர்கள்.' தம்பி, மழை பெய்தாலும் அதை நிரப்பாமல் விடாதே.



- திமிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கி வந்த ஒரு ரசிகன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை